மார்கனின் முப்பத்தெட்டுப் பயணங்கள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மிஸ்டிக் ஆற்றங்கரையில் ஒரு கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் துறையில் மூன்று பாய்மரங்களோடு நிற்கும் கப்பலின் பெயர் 'சார்லஸ் டபிள்யூ. மார்கன்'. நூறு அடிக்குச் சற்றே கூடுதலான நீளம், பருத்த வயிறு, மழுங்கிய முகப்பு. வேகத்துக்காகக் கட்டிய கப்பல் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். திமிங்கல வேட்டைக்காக அமெரிக்கர்கள் கடலில் இறக்கிய மரக்கப்பல்கள் 2,700-க்கும் மேல். அவற்றில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

மாலுமிகள் இதை அதிர்ஷ்டக் கப்பல் என்றார்கள். புயல், பனி, போர், நெருப்பு எல்லாவற்றிலும் தப்பிய கப்பலை வேறெப்படிச் சொல்வது? ஆனால் இதன் கதையை வரிசையாகப் பார்த்தால், அழிவு நெருங்கிய பல வேளைகளில் யாரோ சிலர் கை கொடுத்துத் தூக்கிவிட்டிருப்பது தெரியும். இந்தக் கப்பல் எவற்றை வேட்டையாடியதோ அந்தத் திமிங்கலங்களின் கதையும் கடைசியில் அப்படியே ஆயிற்று. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1841-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மசாசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில், ஹில்மன் சகோதரர்களின் பட்டறையில் இதன் வேலை நடந்துகொண்டிருந்தது. வங்குகள் என்னும் விலாச் சட்டங்களுக்கு அமெரிக்காவின் தென்பகுதியில் வளரும் 'லைவ் ஓக்' மரம். இரும்பைப் போலக் கனக்கும், எளிதில் உளுக்காது. அதன் கிளைகள் இயல்பாகவே வளைந்து வளர்வதால், கப்பலின் வளைவுக்கு ஏற்ற துண்டை மரத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். ஏரா என்னும் அடிமரத்தின் மேல் வங்குகளை நிறுத்தி, பலகை அடித்து, இடுக்குகளில் நீர் கசியாதபடி கலப்பத்து அடித்துத் தார் பூசி, நீருக்குள் இருக்கும் பகுதியைக் கப்பல் புழு துளைக்காதபடி செப்புத் தகட்டால் போர்த்தினார்கள்.

ஏப்ரல் மாதத்தில் வேலை நின்றது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்தான் உழைப்போம் என்று ஊர்த் தச்சர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் தரப்பில் பேச நின்றவர், கப்பலுக்குப் பெயர் தந்த அதே சார்லஸ் வால்ன் மார்கன். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த வணிகர் அவர். மே மாதத்தில் பத்தரை மணி நேரம் என்று சமரசமாயிற்று. ஜூலை 21 அன்று கப்பல் தண்ணீரில் இறங்கியது.

அன்றைய நியூ பெட்ஃபோர்டைத் திமிங்கல எண்ணெய் வாழவைத்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பி 1838-இல் அங்கே வந்து சேர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ், கலப்பத்து அடிக்கும் தொழில் தெரிந்தவர். வெள்ளைத் தொழிலாளர்கள் அவரோடு சேர்ந்து வேலை செய்ய மறுத்ததால் மரம் அறுத்தும் சுமை தூக்கியும் பிழைத்தார். மார்கன் தண்ணீரில் இறங்கிய மறுமாதம் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் அவர் பேசினார். அந்தப் பேச்சு அவரைப் பெரும் சொற்பொழிவாளராக உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதே ஊரில் லூயிஸ் டெம்பிள் என்ற கறுப்பினக் கொல்லர் 1848-இல் புதுவகை எறியீட்டி ஒன்றைச் செய்தார். உடலுக்குள் பாய்ந்ததும் முனை குறுக்காகத் திரும்பி, இழுத்தாலும் வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். வேட்டைத் தொழிலையே மாற்றிய அந்தக் கருவிக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. பிறர் அதைச் செய்து விற்றுப் பணம் பார்த்தார்கள்.

1841 செப்டம்பர் 6 அன்று, கேப்டன் தாமஸ் நார்ட்டன் தலைமையில் மார்கன் முதல் பயணம் புறப்பட்டது. தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டு பசிபிக் கடலுக்குப் போய், 1845 புத்தாண்டு நாளில் திரும்பியது. மூன்றாண்டு நான்கு மாதம். இந்தத் தொழிலில் அது வியப்புக்குரிய காலமே அல்ல.

ஒரு திமிங்கலக் கப்பலை மிதக்கும் ஆலை என்று சொல்லலாம். பாய்மர உச்சியில் நிற்கும் காவலாள் திமிங்கலத்தின் மூச்சுத் தாரையைக் கண்டு குரல் கொடுப்பான். உடனே பக்கவாட்டில் தொங்கும் படகுகள் இறங்கும். படகுக்கு ஆறு பேர்: வழிநடத்தும் ஓர் அதிகாரி, எறியீட்டி எறிபவர், துடுப்பு வலிக்கும் நால்வர். இரு முனையும் கூராக இருப்பதால் படகைத் திருப்பாமலே பின்வாங்கலாம். ஈட்டி பாய்ந்ததும் திமிங்கலம் படகை இழுத்துக்கொண்டு ஓடும், அல்லது ஆழத்துக்குப் பாயும். கயிறு உராய்ந்து புகையும், அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கயிற்றுச் சுருளில் கால் சிக்கியவன் திரும்புவது அரிது. திமிங்கலம் களைத்து மேலே வந்ததும் நீண்ட ஈட்டியால் நுரையீரலைக் குத்துவார்கள். மூச்சுத் தாரை சிவக்கும்.

செத்த உடலைக் கப்பலின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு, தோலோடு சேர்ந்த கொழுப்பை நீண்ட பட்டையாக உரித்து ஏற்றுவார்கள். மேல்தளத்தில் செங்கல்லால் கட்டிய அடுப்பில் இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகள் இருக்கும். மரக்கப்பலின் மேல் நெருப்பு வளர்ப்பதால், தளம் பற்றிக்கொள்ளாமல் இருக்க அடுப்புக்கு அடியில் தண்ணீர் தேக்கி வைப்பார்கள். கொழுப்பை உருக்கியபின் எஞ்சும் சக்கையே அடுத்த ஈட்டுக்கு விறகு. திமிங்கலத்தின் உடலைக் கொண்டே அந்த உடலை உருக்கினார்கள். இரவும் பகலும் கரும்புகை, மேல்தளமெங்கும் எண்ணெயும் இரத்தமும்.

ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலைதான் பெரிய புதையல். பெரிய ஆண் திமிங்கலம் ஒன்றின் தலைக்குள்ளிருந்து ஆயிரத்தைந்நூறு லிட்டருக்கும் மேல் தூய மெழுகெண்ணெய் எடுக்கலாம். அதில் செய்த மெழுகுவர்த்தி புகையாது, வாடை அடிக்காது. உடற்கொழுப்பிலிருந்து உருக்கிய எண்ணெய் கடுங்குளிரிலும் நன்றாக எரியும். அதனால் அமெரிக்கக் கலங்கரை விளக்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த எண்ணெய்தான் ஊற்றப்பட்டது. நெசவாலைகளின் கதிர்களுக்கும் கடிகாரங்களுக்கும் இதுவே உயவெண்ணெய். பலீன் திமிங்கலங்களின் வாயிலுள்ள வளையும் தகடுகள் பெண்களின் இடுப்புக் கச்சைகளுக்கும் குடைக் கம்பிகளுக்கும் போயின. எங்கோ பசிபிக் நடுவில் நடந்த கொலையின் பயன், அட்லாண்டிக் கரையில் இரவில் வரும் கப்பல்களைப் பாறையில் மோதாமல் காத்தது. அந்தக் காலத்தின் கடல்வாழ்வை நேர்மையாக எழுத வேண்டுமென்றால் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதத்தான் வேண்டும்.

கப்பலில் மாதச் சம்பளம் கிடையாது. நம் மீனவர்களிடம் இன்றும் இருப்பதுபோல் பங்கு முறைதான். ஆனால் பங்குகளுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கேப்டனுக்குப் பத்துப் பதினைந்தில் ஒரு பங்கு கிடைத்தால், தொழில் தெரியாமல் ஏறிய இளைஞனுக்கு நூற்றெழுபத்தைந்தில் ஒன்றோ இருநூறில் ஒன்றோதான். வழியில் கடனாக வாங்கிய சட்டைக்கும் புகையிலைக்கும் கழித்துக்கொண்டால், மூன்றாண்டு உழைத்தவன் கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் இறங்கியதும் உண்டு. அணியத்தில், கூன் போட்டால்தான் நடக்கக்கூடிய இருட்டறையில், இருபதுக்கு மேற்பட்டவர்கள் அடுக்குப் படுக்கைகளில் கிடந்தார்கள். நியூ இங்கிலாந்து விவசாயிகளின் பிள்ளைகள், அசோரஸ் மற்றும் கேப் வெர்ட் தீவினர், ஹவாய்க்காரர்கள், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் என்று பல கரையினர் அங்கே ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்தார்கள். எண்பது ஆண்டுகளில் இந்தக் கப்பலில் வேலை செய்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

சில கேப்டன்களின் மனைவிகளும் உடன் வந்தார்கள். 1863-இல் தொடங்கிய பயணத்தில் கேப்டன் லாண்டர்ஸின் மனைவி லிடியாவுக்காகச் செய்த கட்டில் இன்றும் கேப்டனின் அறையில் இருக்கிறது. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சமநிலை மாறாமல் ஆடும்படி அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் கேப்டன் ஜேம்ஸ் ஏர்லை மணந்த நியூசிலாந்துப் பெண் ஹானர், கணக்கில் கெட்டிக்காரர். நட்சத்திரமும் சூரியனும் பார்த்துக் கப்பல் இருக்கும் இடத்தைக் கணிக்கும் துணை மாலுமியாகவே அவர் பெயர் பதிவானது.

மார்கனின் உடன்பிறப்புகள் ஒவ்வொன்றாக அழிந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861-ஆம் ஆண்டின் இறுதியில், வடக்கு அரசு பழைய திமிங்கலக் கப்பல்களை வாங்கிக் கல் நிரப்பி, தெற்கின் சார்ல்ஸ்டன் துறைமுக வாயை அடைப்பதற்காக மூழ்கடித்தது. 1865 ஜூனில், போர் அநேகமாக முடிந்துவிட்டதை அறியாத தெற்கின் 'ஷெனான்டோ' என்ற போர்க்கப்பல் பெரிங் கடற்பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட வேட்டைக் கப்பல்களைச் சில நாட்களில் கொளுத்தியது.

1871 செப்டம்பரில் அலாஸ்காவின் வடகரையில் பனி திடீரென்று நெருங்கி 33 கப்பல்களைச் சிறைப்பிடித்தது. சில நொறுங்கின, மற்றவை அசைய முடியாமல் நின்றன. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று 1,219 பேர் திமிங்கலப் படகுகளில் ஏறி, பனிக்கும் கரைக்கும் இடையிலிருந்த ஒடுங்கிய நீர்வழியில் தெற்கே போனார்கள். ஐசி முனைக்கு அப்பால் தப்பி நின்ற ஏழு கப்பல்கள் அவர்களுக்காகக் காத்திருந்தன. அத்தனை பேருக்கும் இடம் வேண்டுமே! அந்த ஏழு கப்பல்களும் தாங்கள் சேர்த்த எண்ணெயையும் பலீன் தகடுகளையும் கருவிகளையும் கடலில் கொட்டின. ஒருவர்கூடச் சாகாமல் எல்லோரும் ஹொனலுலு போய்ச் சேர்ந்தார்கள். பங்கு முறையில் உழைத்தவர்களுக்கு, கொட்டிய ஒவ்வொரு பீப்பாயும் சொந்தக் கூலி. கடல் மீட்பின் வரலாற்றில் இதற்கு நிகரான நிகழ்ச்சிகள் அரிது. அந்தக் கோடையில் மார்கன் அங்கே இல்லை. ஆனால் அதன் பக்கவாட்டில் தொங்கும் படகுகளைப் பார்க்கும் எவரும், கொல்வதற்காகச் செய்த இதே வகைப் படகுதான் 1,219 உயிர்களைக் கரை சேர்த்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தொழில் சரியத் தொடங்கியிருந்தது. ஸ்பெர்ம் எண்ணெயின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதால், கலங்கரை விளக்கங்களை நடத்திய வாரியம் மாற்று தேடியது. இயற்பியலாளர் ஜோசஃப் ஹென்றியின் சோதனைகளுக்குப் பிறகு பன்றிக் கொழுப்பு எண்ணெய்க்கு மாறி, பின்னர் மண்ணெண்ணெய்க்குப் போனது. பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் 1859-இலேயே பாறை எண்ணெய்க் கிணறு வந்துவிட்டது. 1880-களின் பிற்பகுதியில் மார்கன் சான் பிரான்சிஸ்கோவைத் தாய்த் துறைமுகமாக்கிக்கொண்டு, ஜப்பான் கடற்பகுதிக்கும் ஆர்க்டிக்குக்கும் போய்வந்தது. 1906-இல் நியூ பெட்ஃபோர்டு திரும்பியது. 1921-ஆம் ஆண்டு மே மாதம் தனது 37-ஆவது பயணத்தை முடித்தபோது, அது கரைக்குக் கொண்டுவந்திருந்த எண்ணெய் மொத்தம் 54,483 பீப்பாய்கள், அதாவது சுமார் 65 லட்சம் லிட்டர். பலீன் தகடு ஏறக்குறைய 69 டன்.

1924-இல் இரண்டு சம்பவங்கள். ஜூன் மாதம் துறைமுகத்தில் 'சாங்கட்டி' என்ற நீராவிக் கப்பல் தீப்பிடித்து, கட்டறுந்து மிதந்து வந்து மார்கனின் மேல் மோதி நின்றது. தீயணைப்பு வீரர்கள் மார்கனைக் காப்பாற்றினார்கள். ஆகஸ்டில், நியூ பெட்ஃபோர்டிலிருந்து வேட்டைக்குப் புறப்பட்ட கடைசிப் பெரிய பாய்க்கப்பல் 'வாண்டரர்' புயலில் சிக்கிக் கட்டிஹங்க் தீவின் பாறைகளில் உடைந்தது. பிறகு மார்கன்தான் மீதி.

பயனில்லாத கப்பலை உடைத்து விறகாக்குவதே வழக்கம். ஹாரி நேலண்ட் என்ற ஓவியர் அதை ஏற்கவில்லை. ஊராரிடம் மன்றாடினார், பணம் திரட்டப் பார்த்தார், கடைசியில் கர்னல் எட்வர்ட் கிரீனின் மனத்தைக் கரைத்தார். கிரீனின் தாய்வழிப் பாட்டன் ஒரு காலத்தில் இந்தக் கப்பலின் உரிமையாளர்களில் ஒருவர். தாய் ஹெட்டி கிரீன், அந்நாளைய அமெரிக்காவின் மிகப் பெரும் பணக்காரப் பெண்மணி. 1925-இல் டார்ட்மவுத்திலிருந்த தன் தோட்ட மாளிகையின் கடலோரத்தில் மார்கனை மணலில் நிறுத்தி, பொதுமக்கள் வந்து பார்க்கத் திறந்துவிட்டார் கிரீன். 1936-இல் அவர் இறந்ததும் பராமரிக்க ஆளில்லை. 1938-ஆம் ஆண்டின் பெரும் சூறாவளி கப்பலைச் சிதைத்தது. 1941 நவம்பரில், ஒட்டுப் போட்ட உடலோடு அது மிஸ்டிக் வந்து சேர்ந்தது. அடுத்த மாதமே பேர்ல் துறைமுகத் தாக்குதல். போர் மூண்டபின் ஒரு பழைய வேட்டைக் கப்பலை இழுத்துவர யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

மிஸ்டிக்கிலும் முப்பதாண்டுகளுக்கு மேல் அது மணற்படுக்கையில்தான் கிடந்தது. 1973-இல் மீண்டும் மிதக்கவிட்டார்கள். இதைப் பழுதுபார்ப்பதற்கென்றே அருங்காட்சியகம் ஒரு கப்பல் பட்டறையையும் அமைத்தது. 2008-இல் தொடங்கிய பெரும் சீரமைப்புக்கு லைவ் ஓக் மரம் எங்கே கிடைக்கும்? காத்ரினா சூறாவளி வீழ்த்திய மரங்களும், ஐக் சூறாவளியின் உப்புவெள்ளத்தில் கால்வெஸ்டன் நகரில் பட்டுப்போன தெருவோர மரங்களும் லாரிகளில் வந்தன. பாஸ்டனின் பழைய கடற்படைத் தளத்தில் ஒரு மருத்துவமனைக்காகத் தோண்டியபோது, பாய்க்கப்பல் காலத்தில் சேமித்துப் புதைந்துபோன ஓக் கட்டைகள் கிடைத்தன. அவையும் மார்கனுக்குள் போயின. இன்று கப்பலில் 1841-இன் மரம் 15 முதல் 20 விழுக்காடுதான். ஏராவும் அடிப்பகுதியின் சில கட்டைகளும் ஆதியில் போட்டவை.

அப்படியானால் இது அதே கப்பல்தானா என்று கேட்பவர்கள் உண்டு. அதே கப்பல்தான் என்பேன். வேட்டைக்குப் போன காலத்திலேயே ஒவ்வொரு பயணம் முடிந்ததும் உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப்பலகை போட்டார்கள். பழுதுபார்த்தல் இந்தக் கப்பலின் இயல்பான வாழ்க்கை. கோடரியால் வங்கு செதுக்கவும் பருத்தியும் சணலும் திணித்துக் கலப்பத்து அடிக்கவும் தெரிந்த கைகள் இன்று அங்கே இருப்பதற்குக் காரணம், இந்த ஒரு கப்பல் அந்த வேலையைக் கேட்டுக்கொண்டே இருந்ததுதான்.

2014-இல் மார்கன் 38-ஆவது பயணம் புறப்பட்டது. நியூபோர்ட், வினியார்டு ஹேவன், தாய்த் துறைமுகமான நியூ பெட்ஃபோர்டு, பாஸ்டன் என்று ஊர் ஊராகச் சென்றது. கேப்டன் கிப் ஃபைல்ஸ். மசாசூசெட்ஸ் விரிகுடாவின் வாயிலிலுள்ள ஸ்டெல்வாகன் திட்டு இப்போது அரசின் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. அங்கே கூன்முதுகுத் திமிங்கலங்கள் தென்பட்டன. இம்முறை மார்கனில் இருந்தவர்கள் அறிஞர்களும் கலைஞர்களும் ஆசிரியர்களும்.

இந்தக் காட்சியைச் சொல்லும்போது பலரும் ஒரு சமாதானம் சேர்ப்பார்கள்: பாறை எண்ணெய் வந்தது, திமிங்கலம் பிழைத்தது என்று. அது பெரும் பிழை. நார்வேயின் ஸ்வென் ஃபோய்ன் வெடிமுனை எறியீட்டியைப் பீரங்கியில் பொருத்தினார். நீராவிப் படகுகளும், பின்னர் கடலிலேயே திமிங்கலத்தை உள்ளே இழுத்து அறுக்கும் ஆலைக் கப்பல்களும் வந்தன. மார்கனின் துடுப்புப் படகுகளால் எட்டவே முடியாத நீலத் திமிங்கலமும் துடுப்புத் திமிங்கலமும் அப்போதுதான் அகப்பட்டன. அவற்றின் கொழுப்பு வெண்ணெய்க்குப் பதிலியான மார்ஜரின் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் கொல்லப்பட்டவை சுமார் 29 லட்சம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் தேவைப்படாத நூற்றாண்டில்தான் இத்தனை கொலை.

அதை நிறுத்தியது மனிதர்களின் தீர்மானம். உயிரியலாளர் ரோஜர் பெய்ன் 1970-இல் வெளியிட்ட கூன்முதுகுத் திமிங்கலங்களின் பாட்டு இசைத்தட்டைக் கேட்டவர்கள் தெருவில் இறங்கினார்கள். நாடுகள் சட்டம் போட்டன. 1982-இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தி வைக்க வாக்களித்தது. 1986 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஸ்டெல்வாகனில் இன்று திமிங்கலங்கள் இருப்பதற்கு இந்த வாக்குகள் முக்கியமான காரணம். புதிய எரிபொருள் தானாக வந்து அவற்றை மீட்கவில்லை.

புதுக் கருவி வந்தால் பழைய கேடு தானே தீரும் என்ற நம்பிக்கை இன்றும் நம்மிடம் இருக்கிறது. நிலக்கரிக்கும் நெகிழிக்கும் கடலடி இழுவலைக்கும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டு காத்திருக்கிறோம். மார்கனின் வாழ்க்கை அதற்கு எதிர்ச்சாட்சி. அந்தக் கப்பலைக் காத்தவர்கள் ஓர் ஓவியர், சில தீயணைப்பு வீரர்கள், பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான தச்சர்கள். திமிங்கலங்களைக் காத்தவர்கள் அவற்றுக்காகக் குரல் கொடுத்து, சட்டம் எழுதி, வாக்களித்தவர்கள். கொப்பரை அடுப்பையும் எறியீட்டியையும் மறைக்காமல், கொன்ற கணக்கை அழிக்காமல் இந்தக் கப்பலை வைத்திருக்க வேண்டும். தொழில் எவ்வளவு திறமையும் துணிச்சலும் கொண்டதாக இருந்தாலும், வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் மனிதர்கள்தான் சொல்ல வேண்டும் என்பதை அடுத்த தலைமுறை அதன் தளத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும்.